மினக்கேடு

போன மாதம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு செத்தவீடு. பந்தலுக்குக் கீழே எல்லோரும் மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருக்க, பக்கத்துக் கதிரையில் இருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் என் காதுக்குக் கிட்ட வந்து, "தம்பி, உங்கட பெரியப்பான்ர காருக்குப் பெயின்ற் அடிச்சனீங்களாம், எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்டார். "கொஞ்சம் கூடத்தான் அண்ணை" என்று மழுப்பினேன். அவர் விடுவதாக இல்லை. "ரெண்டோ?" நான் பேசாமல் இருந்தேன். "மூண்டு?" அதற்கும் பேசவில்லை. கடைசியில் தானாகவே நாலு லட்சத்தில் வந்து நின்று, "பெயின்றுக்கு மட்டும் நாலோ!" என்று உச்சுக் கொட்டி, அந்தக் காசுக்கு என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார். நானும் அதை நாலாகவே விட்டுவிட்டேன். உண்மையில் முடிந்தது 13 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். இதை இங்கேதான் முதல் தடவையாக எழுத்தில் சொல்கிறேன், அம்மா இணையத்தில் எதையும் வாசிப்பதில்லை என்ற துணிவில்.

கணக்கைப் பற்றி எனக்கு வெட்கமா என்றால், இல்லை. பில்லில் ஒரு வரிகூட அநியாயம் கிடையாது, நானே ஒவ்வொரு நாளும் நின்று பார்த்தது. ஆனாலும் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது என்பதுதான் இரண்டு மூன்று கிழமையாக மண்டைக்குள் குடைந்துகொண்டிருக்கிறது.

கார் 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி, ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, மேலே துணிக் கூரை. 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தபோது மலைநாட்டை விட்டுப் போன ஒரு துரையிடம் பெரியப்பா வாங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் என்றால் தெருவுக்குத் தெரு இருந்த காலம், அதற்குள் இது ஒரு துள்ளல் கன்றுக்குட்டி. சிரிப்பு என்னவென்றால் எஞ்சின் வேறு யாருமில்லை, ஒஸ்ரின் கேம்பிரிஜ்ஜில் இருக்கும் அதே பி சீரிஸ் குடும்பம்தான், 1798 சி.சி. ஆகவே எஞ்சின் பழுதென்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. இங்கே அறுபது வயதுக்கு மேற்பட்ட எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். கஷ்டம் எல்லாம் உடம்புக்குத்தான்.

1990களில் போரோடு பெற்றோல் தடை வந்தபோது ஒஸ்ரின்கள் மண்ணெண்ணெய் குடித்து ஓடப் பழகிவிட்டன. கொஞ்சம் பெற்றோல் ஊற்றிக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் புகைத்துப் புகைத்தென்றாலும் போகும். இந்தக் காரின் எஞ்சினுக்கு அமுக்க விகிதம் கூட, 8.8, மண்ணெண்ணெயைக் காட்டினால் எஞ்சின் டக் டக்கென்று அடிக்கும். அதனால் பெரியப்பா கிடுகுக் கொட்டிலுக்குள் அதைக் கல்லில் ஏற்றி வைத்துவிட்டார். 1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரோடு இடம்பெயர்ந்து நாவற்குழியால் நாங்கள் நடந்துபோனபோது அது அங்கேதான் நின்றது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் யன்னல் கதவு இல்லை, காரில் ரயர் இல்லை. மற்றபடி அப்படியே நின்றது. எனக்குத் தெரிந்த நாள் முதல் அதன் நிறம் பச்சை, கேற்றுக்கு அடிக்கிற அந்த எனாமல் பச்சை.

மேலால் அடித்த கதை

பெரியப்பா போனபின் கார் என்னிடம் வந்தது. 2019இல் ஒரு இடத்தில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஒரு கிழமையில் முடித்துத் தருவதாகவும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றும் சொன்னார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிவப்பு என்று எனக்கும் அப்போது ஒரு பைத்தியம். சொன்ன நாளில் சொன்ன விலைக்குச் சிவப்பாகத் தந்தார்கள். கண்ணாடிபோல் மினுங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்த, அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே கதவு இடுக்கு முழுக்கப் பழைய பச்சை. "வெளியில பட்டுச்சேலை, உள்ளுக்குக் கிழிஞ்ச பாவாடை" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

முதல் மாரியோடு சிவப்பு கொப்புளிக்கத் தொடங்கியது. வேர்க்குருபோலச் சின்னச் சின்னதாக, கதவின் கீழ்ப்பக்கம் முழுக்க. விரலால் அமத்தினால் உள்ளேயிருந்து ஒரு துளி தண்ணீர் வரும். மட்காட்டுக்கு மேலே வேறு கூத்து: சிவப்பு அப்படியே சுருங்கி, பால் ஆடைபோல மடிந்து நின்றது. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், கொரோனா வந்தது, 2022இல் ரூபாய் விழுந்து பெற்றோலுக்குக் கியூ.ஆர் காட்டி வரிசையில் நின்றோம். கார் மறுபடியும் படங்குக்குக் கீழே போனது.

போன வருடம் ஆனி மாதம் சுன்னாகப் பக்கம் ஒரு பெயின்ரர் அண்ணையைப் பிடித்தேன். வயது அறுபது தாண்டும். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விலை கேட்டேன். "இப்ப சொல்லேலாது தம்பி" என்றார். சுமாராகச் சொல்லுங்கோ என்றேன். "சுமாரா வேலை செய்யிறவையிட்டச் சுமாரா விலை கேக்கலாம்" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, எழும்பிப் போயிருப்பேன். ஆனால் அவர் அதற்குள் சேட்டுப் பையிலிருந்து ஒரு காந்தத்துண்டை எடுத்துவிட்டார், ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய வட்டக் காந்தம், துணி சுற்றியது. அதைக் கதவில் வைத்தால் பிடிக்கிறது. இரண்டு அங்குலம் கீழே இறக்கினால் வழுக்கி விழுகிறது. அங்கெல்லாம் தகரம் இல்லை, பள்ளம் அடைக்கப் பூசுகிற பூட்டி. இப்படியே கார் முழுக்க, பிடிக்காத இடங்களில் சோக்கால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். பொனற்றில் வைத்தார், விழுந்தது. தள்ளி வைத்தார், விழுந்தது. பொனற் முழுவதும் எங்குமே பிடிக்கவில்லை. எனக்குத் தலை சுற்றியது. முழுப் பொனற்றுமா பூட்டி? அண்ணை நகத்தால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது அலுமினியம் தம்பி. அந்த நாளையில எம்.ஜி.பிக்குப் பொனற் அலுமினியத்தில வந்தது. உங்கட கார்ல சுகமா இருக்கிற ஒரே இடம் இதுதான்."

பிறகு ஈரச் சாண்ட் பேப்பரால் கதவில் ஒரு இடத்தை உள்ளங்கை அளவுக்குத் தேய்த்தார். நடுவில் ஆழமாக, விளிம்பில் மேலோட்டமாக. தேயத் தேய வட்டம் வட்டமாக வந்தது: வெளியே சிவப்பு, அதற்குள் பூட்டியின் சாம்பல், அதற்குள் பச்சை, அதற்குள் ஒரு மெல்லிய வெள்ளை, நடுவில் ஐம்பது சத நாணயமளவு ஒரு இளமஞ்சள். வேலியில் பூவரசு காலையில் பூத்திருக்குமே, அந்த மஞ்சள். பேல் ப்ரிம்ரோஸ் என்று எம்.ஜி காரின் நிறப் பட்டியலில் உண்டு, பிறகு தேடிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, "ஓம், மஞ்சள்தானே, நீ பிறக்க முதல்" என்றார், நான் இவ்வளவு காலமும் கேட்காதது என் பிழை என்பதுபோல.

ஏன் சுருங்கியது, ஏன் கொப்புளித்தது என்பதற்கும் அன்றே காரணம் தெரிந்துவிட்டது. பச்சை எனாமலுக்கு மேலே இந்தக் காலத்து டூ-கே பெயின்றை (காட்னர் என்ற இறுக்கியைக் கலந்து அடிப்பது) அடித்தால், அதன் தின்னர் கீழே இருக்கும் எனாமலை இளக்கித் தூக்கிவிடும், அதுதான் பாலாடை. கொப்புளத்துக்குக் காரணம் எங்கள் கிணறு. தேய்க்கிறபோது தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார்கள். இங்கே கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், சில ஊர்களில் சவர். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் தகரத்திலும் காய்ந்து படிகிறது. அதைச் சரியாகக் கழுவாமல் மேலே பெயின்றை அடித்தால், மாரி ஈரத்தை அந்த உப்பு பெயின்றுக்குள்ளால் இழுத்துக் குடிக்கும், குடித்து வீங்கும். அண்ணையின் கராஜில் கூரைப் பீலிக்குக் கீழே இரண்டு நீல பரல் மழைத்தண்ணீர் மூடி வைத்திருந்தார். கடைசிக் கழுவல் அதில்தான். இதற்குப் பில்லில் வரி இல்லை.

பேணித் தகரம்

ஆடியில் வேலை தொடங்கியது. எல்லாவற்றையும் கழற்றினார்கள், எஞ்சினையும் வெளியே எடுத்தார்கள். நிறத்தை மாற்றுவதென்றால் எஞ்சின் இருக்கும் குழி, கதவு இடுக்கு, டிக்கி எல்லாம் மாற்றத்தான் வேண்டும், பாதிக் காசு அங்கேயே போகிறது. அதே நிறத்தை மேலால் அடிக்கிறவருக்கு அந்தச் செலவு இல்லை. அது பிழை என்றும் சொல்லமாட்டேன். தினமும் வேலைக்கு ஓடுகிற அல்ரோக் காருக்கு இரண்டு லட்சத்துக்கு மேலால் அடித்து நாலு வருடத்தில் விற்பதென்றால் அதுதான் புத்தி. இந்தக் காரில் அந்தப் புத்தி செல்லாது.

எம்.ஜி.பிக்கு உடம்பைத் தாங்கத் தனியாகச் சேசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. கூரையும் துணி. ஆகவே கதவுக்குக் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவில் ஓடுகிற அந்தப் பெட்டிபோன்ற சில்தான் (படிப்பெட்டி என்று அண்ணை சொல்வார்) முழுக் காரையும் முறியாமல் பிடித்துக்கொண்டிருப்பது. அண்ணை பின்பக்கம் ஜாக் வைத்து உயர்த்திவிட்டுக் கதவைச் சாத்திப் பார்க்கச் சொன்னார். சாத்துப்படவில்லை. "கார் நடுவில தொங்குது" என்றார். இடது பக்கப் படிப்பெட்டியை வெட்ட முடிவானது. கதவின் இடைவெளி மாறாமல் இருக்க உள்ளே குறுக்காக இரும்புக் குழாயை வெல்டிங்கில் ஒட்டினார்கள், கீழே நாலு இடத்தில் முண்டு கொடுத்தார்கள், அதுவே ஒரு முழுநாள்.

அடுத்த நாள் கிரைண்டர் வைத்து வெட்டினார். முதலில் விழுந்தது சிவப்புப் பூட்டிக் கட்டி, ஒரு கை நீளம், பாண் துண்டுபோல. அதற்கடியில் 2019காரர்கள் அடைத்திருந்த கசங்கிய பேப்பர். அதற்கும் உள்ளே தார். அண்ணை கிரைண்டரை நிறுத்தினார். ஒரு திருகாணிப்பிடியால் தாரை மெல்ல மெல்லச் சுரண்டினார். தாருக்குக் கீழே ஒரு தகரம் தெரிந்தது, அரை முழ நீளம், விளிம்பெல்லாம் ஒரு அங்குல இடைவெளியில் றிவெற். மண்ணெண்ணெய் ஊற்றிய துணியால் துடைத்தபோது அதில் எழுத்துகள் வந்தன. பால்மாப் பேணி. பேணியை வெட்டி, விரித்து, தட்டி மட்டமாக்கி, படிப்பெட்டியின் வளைவுக்கு வளைத்து, கையால் துளை போட்டு, எண்ணிப் பார்த்தேன், 34 றிவெற். கையால் என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த நாட்களில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. ஒட்ட முடியாது, மெசினால் துளைக்க முடியாது. ஓட முடியாத ஒரு காருக்கு, பெற்றோல் என்றைக்கு வரும் என்று தெரியாத ஒரு வருடத்தில், பெரியப்பா கொட்டிலுக்குள் குந்தியிருந்து இதைச் செய்திருக்கிறார். அந்தத் தகரத்தைச் சுற்றி இருந்த ஒறிஜினல் இரும்பு கறள் தின்று சல்லடையாகக் கிடந்தது. பேணி அப்படியே இருந்தது.

"நல்லா மினக்கெட்டிருக்கிறார் மனுசன்" என்றார் அண்ணை. வேறொன்றும் சொல்லவில்லை. கிரைண்டரை மறுபடி எடுக்காமல், சின்னத் துளைக்கருவியால் 34 றிவெற்றையும் ஒவ்வொன்றாகத் துளைத்துத் தகரத்தைக் கிழியாமல் கழற்றி என் கையில் தந்தார். வெட்டி எறிந்திருந்தால் ஐந்து நிமிடம். இது மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போனது. உதவிக்கு நின்ற பொடியன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்றதெல்லாம் சட்டென்று சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் எம்.ஜி.பிக்குப் பழைய அச்சுகளிலேயே புதுத் தகரங்கள் அடிக்கிறார்கள், 1988 முதல் முழு உடம்பையே புதிதாக வாங்கலாம். லண்டன் மச்சான் இரண்டு பக்கப் படிப்பெட்டியும் மட்காட்டின் கீழ்த்துண்டுகளும் வாங்கிக் கப்பல் பெட்டியில் போட்டுவிட்டான். போட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் சேர்த்தா இங்க ஓடுற காரே வாங்கலாமடா" என்றான். வாங்கி? இந்த வயதுக் காரை இங்கே இறக்க முடியாது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வேலை பாதிதான் நடந்தது. அண்ணை மத்தியானத்தோடு கையைக் கழுவிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார்.

கடைசி அடிக்கு நாள் பார்த்தது கலியாணத்துக்கு நாள் பார்த்த மாதிரி. சோளகக் காற்று நின்றால்தான் புழுதி அடங்கும், மாரி தொடங்கினால் ஈரம். இடையில் புரட்டாதிக் கடைசியில் கிடைக்கும் கொஞ்ச நாள்தான் கணக்கு. விடிய ஐந்தரைக்குப் போனேன். நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, படங்கு கட்டி, அண்ணை சாறத்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றார். டூ-கேயின் காட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது, அது நெஞ்சுக்குள் போய்ப் போய் ஒருநாள் இழுப்பாக நிற்கும். துணி அதை மறிக்காது. சாதாரண வடிகட்டி முகமூடியும் எப்போது தன் வேலையை நிறுத்தியதென்று காட்டாது. வெளிக்காற்றைக் குழாயால் தருகிற முகமூடிதான் சரி. ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொண்டுபோயிருந்தேன். "உதைப் போட்டா எனக்கு மூச்சு முட்டும் தம்பி" என்று முகத்தைச் சுளித்தார். போடாவிட்டால் அடிக்க வேண்டாம் என்றேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். புறுபுறுத்துக்கொண்டு போட்டார். அதன் பிறகு போடுகிறாரா என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பில்

எக்சர்சைஸ் கொப்பி ஒற்றையில் நீலப் பேனையால் எழுதித் தந்தார். லண்டன் தகரம், கப்பல், சுங்கம் என்று நான் சொன்ன கணக்கு 2,90,000. ஒட்டு வேலை, ரிங்கரிங் (தகரம் தட்டி நிமிர்த்துவது) 1,70,000. பெயின்ற், பிறைமர், காட்னர், தின்னர், பேப்பர் எல்லாம் 2,60,000. றப்பர் வகை 80,000. அதற்குக் கீழே கடைசி வரி: மினக்கேடு 5,60,000.

கூலி என்று எழுதவில்லை. நான் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருக்க, "நாலு லீற்றர் பெயின்ற்தான் தம்பி காரில நிக்கிறது. மிச்சம் எல்லாம் மினக்கேடு" என்றார். 56 நாள், இரண்டு பேர், ஆளுக்கு நாளுக்கு 5,000. பெருக்கிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. பேணியைக் கழற்றிய அந்த அரைநாளும் இதற்குள் எங்கோ இருக்கிறது.

வினை கெடுவதிலிருந்து வந்த சொல் என்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதை இரண்டு பக்கமும் பாவிக்கிறோம். "சும்மா மினக்கெடாதை" என்றால் நேரத்தை வீணாக்காதே. "உனக்காக மினக்கெட்டுச் செய்தனான்" என்றால் உன்மேல் இருக்கிற பட்சத்தில் செய்தது. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்துகிறது என்று நான் இதற்கு முன் யோசித்ததே இல்லை. நான் கராஜுக்கு ஓடி ஓடிப் போனபோது அம்மா சொன்னது "உந்த மினக்கேடு உனக்கு ஏன்". அண்ணை பெரியப்பாவைச் சொன்னது "நல்லா மினக்கெட்டிருக்கிறார்". செத்தவீட்டில் கேட்டவரிடம் 13 லட்சம் என்று சொல்லியிருந்தால், அவர் காதில் முதலாவது மட்டும்தான் விழுந்திருக்கும். இரண்டாவதைக் கேட்கவைக்க நான் பேணியில் தொடங்க வேண்டும், 1995க்குப் போக வேண்டும், கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தலுக்குக் கீழே, பிரேதம் எடுக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அதெல்லாம் முடிகிற காரியமா? நாலு என்றே இருக்கட்டும் என்று விட்டது சோம்பலில்தானோ என்றும் இப்போது தோன்றுகிறது.

2019இல் நான் கொடுத்த ஒரு லட்சத்து நாற்பதாயிரத்திலும் அந்த வரி இருந்திருக்க வேண்டும், அவர்கள் அதைச் செய்யவும் இல்லை, எழுதவும் இல்லை. எனக்கும் அப்போது அது வேண்டியிருக்கவில்லை. விலை கேட்டேன், சொன்னார்கள், சந்தோசப்பட்டேன். அவர்களை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. கசங்கிய பேப்பரை நினைத்தால் மட்டும் வருகிறது.

கார் வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். பேணித் தகரத்தைத் துடைத்து டிக்கிக்குள் ஸ்பெயார் சில்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அம்மா மருதடியில் இருந்து கும்பிட்டுவிட்டு வந்தவர், திருநீற்றுச் சரையோடு நேரே காரடிக்கு வந்தார். வெளிப்பக்கத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, குனிந்து, கதவு இடுக்கை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனார். பிறகு பொனற்றைத் தூக்கச் சொன்னார், அங்கேயும் பார்த்தார். தூக்கிய பொனற்றில் ஒரு கீற்றுத் திருநீறு பூசினார். நான் விலையைக் கேட்பார் என்று காத்துக்கொண்டு நிற்க, அம்மா வேலிப்பக்கம் திரும்பி, "பூவரசுக்குக் கீழ விடாதை. காகம் இருக்கிற மரம்" என்றார்.